நாய், நான், நடுவே ஒரு சைக்கிள்

கொட்டிவாக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு ரக சைக்கிள்கள் ஓடும்.

முதல் ரகம், ஈ.சி.ஆரில் கோவளம் நோக்கிப் பறப்பது. விலை, என் முதல் உத்தியோகத்தின் ஒரு வருஷச் சம்பளம். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய டிராயர், பின்னால் மினுக் மினுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு. வண்டியில் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் உண்டு, எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல மீட்டர் உண்டு, ஸ்டாண்டு மட்டும் கிடையாது. டீ குடிக்க நிறுத்தினால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீயைப் பார்க்காமல் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாம் ரகம், பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் போடும் அம்மா, நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன் ஆகியோருடையது. செயின் கவர் எந்த ஆட்சியில் கழன்று விழுந்ததோ தெரியாது. பிரேக் என்பது செருப்புக் கால்தான்.

கொட்டிவாக்கத்து நாய்கள் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. எண்பதாயிரம் ரூபாய் சைக்கிளையும் எண்ணூறு ரூபாய் சைக்கிளையும் ஒரே மரியாதையோடு துரத்துகின்றன. இந்த ஊரில் நான் கண்ட ஒரே கலப்படமில்லாத சமத்துவம் இதுதான்.

நான் மூன்றாவது ரகம். திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து மயிலாப்பூருக்கு ரயில். பி.காம். படித்த தோஷம், எதையும் வரவு செலவு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எனக்கும் தெருநாய்களுக்கும் ஆறு வருஷமாக நடந்து வரும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைத்திருக்கிறேன். இதோ சுருக்கம்:

நாய் துரத்தியது: பேரேடு போதாது. சைக்கிளோடு விழுந்தது: மூன்று முறை. கிழிந்த பேண்ட்: இரண்டு. கோணிய முன் சக்கரம்: ஒன்று. முழங்கைத் தோல்: கணிசம். நாய் கடித்தது: இல்லை.

கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். மொத்த நஷ்டமும் தார் ரோடு கொடுத்தது. நாய் குரைத்ததோடு சரி. ஒரு தடவை நான் விழுந்து கிடந்தபோது அது பக்கத்தில் வந்து, முகர்ந்து பார்த்து, 'அவ்வளவுதானா?' என்பது போலத் திரும்பிப் போயிற்று. அந்த அவமானத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஐந்து விநாடி கணக்கு

நாய் துரத்தினால் பத்தில் ஒன்பது பேர் செய்வது வேகமாக மிதிப்பது. இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

ஆபீஸ் அவசரத்தில் நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதாவது விநாடிக்கு 5 மீட்டர். ஆரோக்கியமான தெருநாய் மனசு வைத்தால் மணிக்கு 36 கிலோமீட்டர் சுலபமாக ஓடும். விநாடிக்கு 10 மீட்டர். உங்களுக்குப் பின்னால் 25 மீட்டர் தள்ளிக் குப்பைத் தொட்டி ஓரம் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடிவந்தால் உங்களைப் பிடிக்க எத்தனை விநாடி? ஐந்தே ஐந்து. அதற்குள் நீங்கள் இஸ்திரி வண்டியிலிருந்து மளிகைக் கடை வரைதான் போயிருப்பீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் மூன்று விநாடிதான் கூடக் கிடைக்கும். தவிர, நாய்க்குச் செயின் கழலாது.

அப்படியானால் அது ஏன் உங்களைப் பிடிப்பதில்லை? பிடித்து என்ன செய்வது என்று அதற்குத் திட்டம் கிடையாது என்பதுதான் பெரும்பாலான சமயம் உண்மை. ஓடுகிற எதையும் துரத்துவது ஓநாய்க் காலத்திலிருந்து வந்த பழக்கம். அதோடு எல்லைப் பிரச்னையும் சேர்ந்துகொள்கிறது. இந்த மின்கம்பத்திலிருந்து அந்தப் பிள்ளையார் கோயில் வரை அதன் ராஜ்ஜியம். அந்நியன் உள்ளே வந்தால் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்.

இதை நாயின் கோணத்தில் பாருங்கள். காலையில் ஒரு சைக்கிள் வந்தது, குரைத்தேன், ஓடிப் போயிற்று. மறுநாள் வந்தது, துரத்தினேன், ஓடிப் போயிற்று. நீங்கள் ஓடியது ஆபீஸுக்கு என்று அதற்குத் தெரியாது. தன்னால்தான் ஓடினீர்கள் என்று நினைக்கிறது. நம் ஆபீஸ்களில் நடப்பது போல வருஷக் கடைசியில் நாய்க்கும் அப்ரைசல் வைத்தால் 'இலக்கில் நூறு சதவிகிதம்' என்று எழுதி இன்க்ரிமென்ட் கொடுத்தாக வேண்டும். நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதற்குக் கொடுக்கிற போனஸ்!

துப்பாக்கி முதல் மீன் கூடை வரை

இது கொட்டிவாக்கத்தில் ஆரம்பித்த தகராறு இல்லை. சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1890-களில் பிரான்ஸில் கலாண் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர், சைக்கிள் ஓட்டிகள் நாயைச் சமாளிப்பதற்கென்றே சட்டைப் பையில் அடங்கும் ஒரு கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பெயர் 'வெலோ டாக்'. வெலோ என்றால் சைக்கிள், டாக் என்றால் நம்மாள். உயிர்ப்பலி வேண்டாம் என்கிறவர்களுக்காக மிளகாய்ப்பொடி அடைத்த தோட்டாவும் விற்றார்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகிய நம்மூர் நாயிடம் அது எடுபட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் நடுவயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரை, அவர் காலமான பிறகு 1917-ல் புத்தகத்தில் வந்தது. அதில் நாயைப் பற்றி ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு இருக்கிறது: நாயின் மேல் ஏற்ற வேண்டுமென்று குறி வைத்தால் அது விலகிவிடும், விலகிப் போக நினைத்தால்தான் நேராக வந்து சக்கரத்தில் விழும். நீங்கள் இடதுபக்கம் ஒடித்தால் அதுவும் இடதுபக்கம் வரும். நூறு வருஷம் கழித்தும் கொட்டிவாக்கத்தில் இந்த விதி மாறவில்லை.

துப்பாக்கியும் இல்லாமல், கட்டுரையும் எழுதாமல் இதற்கு வழி வைத்திருக்கிறார், கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து மீன் எடுத்து சைக்கிளில் விற்கிற ஓர் அண்ணன். நியாயமாக நாய்கள் அவரைத்தான் ஊர்வலமாகத் துரத்த வேண்டும். கேரியரில் கூடை நிறைய வஞ்சிரமும் சங்கராவும். ஒரு நாயும் அவரிடம் வாலாட்டுவதில்லை. மன்னிக்கவும், வாலை மட்டும்தான் ஆட்டுகின்றன.

"எப்படிண்ணே?" என்றேன்.

"அது உன்ன பாக்கல தம்பி, ஓடற சக்கரத்த பாக்குது. நீ நின்னு எறங்கிட்டேன்னு வை, அதுக்கு இன்னா பண்றதுன்னே தெரியாது. அப்பால மெதுவா தள்ளிக்கினே போ. தெரு தாண்டி ஏறிக்கோ."

"கிட்ட வந்து கடிக்க வந்தா?"

"சைக்கிள் எதுக்குக் கீது? நடுவுல வெச்சுக்கோ."

நாய்களைப் பழக்குகிறவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஓடாதே. கத்தாதே. உதைக்காதே. கண்ணோடு கண் முறைக்காதே. சைக்கிளையோ பையையோ நடுவில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாக நகரு. ஓடுகிற பொருள் நின்று, அதிலிருந்து சாதாரண மனுஷன் ஒருத்தன் இறங்கியதும் விளையாட்டின் சுவாரஸ்யமே போய்விடுகிறது. நாலு குரைப்பு குரைத்துவிட்டு அதுவும் தன் வேலையைப் பார்க்கப் போகும். எல்லா நாயும் இப்படித்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித்தர மாட்டேன். குட்டி போட்ட தாய் நாய் இருக்கிற தெருவும், காரணமில்லாமல் எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கிற நாய் இருக்கிற தெருவும் உங்களுக்கு வேண்டாம். அடுத்த தெரு வழியாகப் போங்கள். இரண்டு நிமிஷம்தான் அதிகம்.

கால் தூக்கும் கலை

நம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிற இன்னொரு வித்தை, நாய் கிட்டே வந்ததும் இரண்டு காலையும் ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்குவது. பார்க்கச் சர்க்கஸ் மாதிரி ஜோராக இருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் மிதிக்க முடியாது, கால் ஊன்ற முடியாது, பேலன்ஸும் போச்சு. நாய் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை. மிச்சத்தைப் பூமியின் ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது ஆபத்து முன் பிரேக். நாய் குறுக்கே வந்ததும் பயத்தில் அதை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். உடம்பின் எடை முழுக்க முன்னால் சாய, பின் சக்கரம் கிளம்பி, ஹேண்டில்பாருக்கு மேலே பயணம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். இருட்டில் போகிறவர்களுக்கு விளக்கு. எல்லோருக்கும் ஹெல்மெட். டிராயர் போட்ட கனவான்களைப் பார்த்துச் சிரிக்கிற நான், ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் அவர்கள் கட்சி.

காரணம் இருக்கிறது. 'வாக் பக்ரி' டீ கம்பெனியின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவரான பராக் தேசாய், 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் தன் வீட்டருகே வாக்கிங் போனபோது தெருநாய்கள் துரத்திக் கீழே விழுந்தார். ஒரு வாரத்தில், அக்டோபர் 22-ம் தேதி, மூளையில் ரத்தக்கசிவால் இறந்து போனார். உடம்பில் நாய்க்கடியின் அடையாளமே இல்லை என்று ஆஸ்பத்திரி தரப்பில் சொன்னார்கள். வயது 49. நடந்து போனவருக்கே அப்படி என்றால் இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கச் சரக்கு, இறுதிச் சரக்கு

'நிற்கிறேன், இறங்குகிறேன், நடக்கிறேன். அது சரி, தெருவுக்குப் பத்து நாய் எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல். ஆகவே நம் நாய்களும் இப்போது மாநகரப் பிரஜைகள். 2018-ல் எடுத்த கணக்கில் சென்னையில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-ல் எடுத்த கணக்கில் சுமார் 1.8 லட்சம். ஆறு வருஷத்தில் மும்மடங்கு. எந்த பாங்க்கும் இந்த வட்டி தருவதில்லை.

பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு மதராஸ் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை இந்த நகரம் 19-ம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொன்றார்கள் என்று ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்துக்கொண்டே இருந்தும் இறுதிச் சரக்கு குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் குப்பைத் தொட்டி காலியாவதில்லை. பக்கத்துத் தெரு நாய்கள் குடிவந்துவிடும். இரண்டு மாதக் கர்ப்பம், ஒரு ஈட்டுக்கு நாலைந்து குட்டி என்று மிச்சமிருப்பவை ஈடு கட்டிவிடும்.

ப்ளூ கிராஸ் 1960-களிலேயே சொல்லி வந்த கருத்தடை யோசனையை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996-ல். பிடி, ஆபரேஷன் செய், வெறிநாய்த் தடுப்பூசி போடு, எடுத்த இடத்திலேயே விடு. இதுவே 2001-ல் நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2023-ல் புது விதிகள் வந்தன. ஆபரேஷன் முடிந்த நாயின் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாய்களின் காதை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், கார்ப்பரேஷன் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று ஆர்.டி.ஐ. போடாமலே தெரிந்துவிடும். சென்னை முழுக்க 2024 கணக்கில் வெட்டுக் காது நாலில் ஒன்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். திட்டம் சரி, வேகம்தான் சைக்கிள் வேகம். நாய் வேகத்தைத்தான் பார்த்தோமே!

2025 ஆகஸ்டில் இந்தச் சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 11-ம் தேதி ஓர் உத்தரவு. 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றை ஆபரேஷனும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்றார்கள். நவம்பர் 7-ம் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு. கோர்ட் வேலை கோர்ட்டில் நடக்கட்டும். நாளைக் காலை ஐந்து மணிக்குப் பேப்பர் போட வேண்டிய பையன் தீர்ப்பு நகலைக் காட்டி நாயை நிறுத்த முடியாது.

முட்டியும் கணுக்காலும்

இனி சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர்ச் சாரியில் ஒரு வாட்ச்மேன் அண்ணன். ஐம்பது வயது. நைட் டியூட்டி முடிந்து கந்தன்சாவடிப் பக்கம் சைக்கிளில் போகும்போது நாய் துரத்தி விழுந்தார். முழங்கால் முட்டியில் பெரிய சிராய்ப்பு. வருகிற போகிறவருக்கெல்லாம் முட்டியைக் காட்டினார். கணுக்காலில் இருந்ததை யாருக்கும் காட்டவில்லை. நான் பார்த்தபோது அதன் மேல் காப்பித்தூள் அப்பியிருந்தது.

"கடிச்சுதாண்ணே?"

"கடியெல்லாம் இல்ல சார். விழும்போது பல்லோ நகமோ லேசா பட்டுச்சு. ரெண்டு சொட்டு ரத்தம். தெரிஞ்ச நாய்தான் சார்."

வெறிநாய்க்கடிக் கிருமிக்குத் தெரிந்த நாய், தெரியாத நாய் கிடையாது. காயத்தின் வழியே நரம்பில் ஏறி, மெல்ல மெல்ல மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். சமயத்தில் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரை வலி இல்லை, ஜுரம் இல்லை, காயம் ஆறியே போயிருக்கும். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் 2024-ல் நாய்க்கடிக்குச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். முட்டி வலிக்கும், ஆறிவிடும். வலிக்காத கணுக்காலில்தான் உயிர் இருக்கிறது.

இவ்வளவுக்கும் இது வழி தெரியாத வியாதி இல்லை. 1885 ஜூலை 6-ம் தேதி பாரீஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஊசி போட ஆரம்பித்தார். பையன் பிழைத்தான். நம் பக்கத்தில் 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி வெறிநோயில் இறந்தார். தென்னிந்தியாவில் அதற்கான ஊசி இல்லாத காலம். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாயில் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். ஊட்டி போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, அந்தப் பதினாலு ஊசி இதுதான். 2005-க்குள் இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் தொப்புளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணனும் முதலில் கேட்டது, "வயித்துல போடுவாங்களா சார்?"

வயிற்றில் இல்லை, கையில். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். காப்பித்தூளைக் கழுவி, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காலைக் கழுவ வைத்தேன். பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கிருமியைப் பெருமளவு அங்கேயே ஒழிக்கிற வேலை இதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது, கட்டும் கூடாது. ரத்தம் வந்த காயம் என்பதால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட்டார்கள்.

தோலில் போடுகிற இந்த ஊசி நாலு தவணை: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். முதல் மூன்றுக்கும் பயம் இருக்கும், தானாகப் போய்விடுவோம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில் 21 நாள். காயம் ஆறிவிடும். நாயும் வழக்கம்போல் வாசலில் படுத்திருக்கும். 'அதான் மூணு போட்டாச்சே' என்று தோன்றும். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

"ஒரு நாள் கூலி சார். வீட்ல கேப்பாங்க."

லீவே வேண்டாம், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று நேரம் பார்த்துச் சொன்னேன். கார் நம்பர் எழுதுகிற கேட் ரிஜிஸ்தரின் அட்டையில் நாலு தேதியையும் சிவப்பு இங்கில் எழுதி வைத்தோம். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர், கொரியர் பையன், வேலைக்கார அம்மா எல்லோரும் அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள், "நாலாவது ஊசி என்னைக்குண்ணே?" தொல்லை தாங்காமலே மனுஷன் போய்ப் போட்டுக்கொண்டார். இப்போதும் அதே சைக்கிள், அதே தெரு. அந்த நாய் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.

ஆகவே ஆபீஸ் போகும் அன்பர்களே, நாய் துரத்தினால் நில்லுங்கள். கீறல் பட்டால் மட்டும் எங்கேயும் நிற்காதீர்கள், நாலாவது ஊசி வரைக்கும். சைக்கிள் பையில் பங்சர் சாமானோடு ஒரு சோப்பும் இருக்கட்டும். ஆபீஸ் டூர் போகும்போது ஹோட்டலிலிருந்து கிளப்பிக்கொண்டு வருகிற அந்தச் சின்னச் சோப்பு போதும். அதற்கும் ஒரு நியாயமான செலவுத் தலைப்பு கிடைத்த மாதிரி இருக்கும்!